பழைய மெட்டல் டிடெக்டர் கைக்கு வந்துவிட்டது, அப்புறம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்கள் சிலர் கார் பூட் சேலிலோ இணையத்திலோ பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை மலிவாக வாங்கிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். 1980-களிலிருந்து 2010 வாக்கில் வரை விற்ற, ஒற்றை அலைவரிசையில் வேலை செய்யும் சாதாரணக் கருவிகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சட்டம் பற்றிய பகுதி இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும்.

இவ்வளவு பழைய கருவியால் உருப்படியாக எதையாவது கண்டுபிடிக்க முடியுமா?

தாராளமாக முடியும். கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தலைக்குக் காயில் என்று பெயர். உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒன்று மண்ணுக்குள் காந்தப்புலத்தை அனுப்பும். அந்தப் புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதற்குள் சின்னதாக மின்னோட்டம் சுழலும். அதனால் வரும் மாற்றத்தை இன்னொரு சுருள் பிடித்து ஒலியாக்கும். 1985-இல் செய்த கருவியும் இதைத்தான் செய்கிறது, போன வருடம் வந்ததும் இதைத்தான் செய்கிறது. புதியவை எடை குறைந்தவை, திரையில் எண் காட்டுபவை, பல அலைவரிசைகளில் ஒரே சமயத்தில் தேடுபவை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் 12 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் விக்டோரியா காலத்துப் பென்னியை எடுக்க அவ்வளவும் தேவையில்லை. பிரிட்டனின் மிகப் பெரிய ரோமானியப் புதையல்களில் ஒன்று 1992-இல் கிடைத்தது, அன்றைய கருவியால். அந்தக் கதை கீழே வருகிறது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கருவியைப் பழகுவதற்கு முன்பே அதைக் குறை சொல்லி விற்றுவிடுகிறார்கள். ஒரு பருவம் முழுக்க ஒரே கருவியோடு இருங்கள். அதன் ஒலி காதுக்குப் பழகியபின் பேசலாம்.

வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் பேட்டரி வைக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. தகட்டோடு நின்றிருந்தால் சுத்தம் செய்துவிடலாம். கம்பி வழியாக சர்க்யூட் போர்டு வரை ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது கேபிள். காயிலுக்குள் கேபிள் நுழையும் இடம்தான் பழைய கருவிகளில் முதலில் போகும். கருவியை ஆன் செய்து, காயிலை அசைக்காமல் அந்த இடத்தை மட்டும் விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி அறுந்துகொண்டிருக்கிறது. காயிலைத் தண்டோடு இணைக்கும் இரண்டு காதுகளிலும் விரிசல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

காயிலின் அடியில் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தால் கழற்றிப் பாருங்கள். பல வருட மண் அதற்குள் கெட்டியாக அப்பியிருக்கும், அதில் இரும்புத் துகளும் கலந்திருக்கும். "கண்டபடி கத்துகிறது" என்று மலிவாக விற்கப்படும் கருவிகளில் சில, அந்த மண்ணைக் கழுவியதுமே அடங்கிவிடும்.

கடைசியாக, எந்தக் கம்பெனி என்று பாருங்கள். டெசோரோ 2018-இல் மூடிவிட்டது. வைட்ஸ் 2020-இல் மூடியது, அதன் பெயரையும் சொத்துகளையும் காரெட் வாங்கிக்கொண்டது. இரண்டுமே நல்ல கருவிகள் செய்த கம்பெனிகள், ஆனால் காயில் போனால் இன்னொரு பழைய காயிலைத்தான் தேட வேண்டியிருக்கும். முதல் கருவிக்கு என்னைக் கேட்டால் காரெட் ஏஸ் 250 சொல்வேன். பழைய சந்தையில் நிறையக் கிடைக்கிறது, நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும், உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை.

பேட்டரிப் பெட்டியில் பொருக்கு இருக்கிறது. எப்படிச் சுத்தம் செய்வது?

அல்கலைன் பேட்டரியின் கசிவு காரத்தன்மை உள்ளது. அதனால் பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தால் கரையும். நுரைத்து அடங்கியதும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். தகடு மங்கலாகவே இருந்தால் நைஸான உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் கண்ணில் படக்கூடாது.

ரீசார்ஜ் பேட்டரி போடலாமா என்றும் கேட்பார்கள். எட்டு ஏஏ போடும் கருவியில் சாதாரண பேட்டரி 12 வோல்ட் தரும், ரீசார்ஜ் பேட்டரி 9.6 வோல்ட்தான் தரும். பெரும்பாலான கருவிகள் அதிலும் ஒழுங்காக ஓடும், பேட்டரி அளவு மட்டும் குறைவாகக் காட்டும். தேடி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இந்தக் கருவிகளில் பல வேறு எந்தப் பழுதும் இல்லாமல், அலமாரியில் பேட்டரியோடு தூங்கியதால் மட்டுமே கெட்டுப் போகின்றன.

மேனுவல் இல்லை. எந்த நாப் எதற்கு?

பெரிய கம்பெனிக் கருவிகளின் மேனுவல் இணையத்தில் பெரும்பாலும் கிடைக்கும், மாடல் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் இதுவே போதும்.

சென்சிடிவிட்டி என்பது கருவியின் காது எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பது. எல்லோரும் இதை முழுதாகத் திருப்பி வைப்பார்கள். அப்போது கருவி மண்ணில் உள்ள தாதுக்களுக்கும் மேலே போகும் மின்கம்பிக்கும் சேர்த்துச் சத்தம் போடும். முக்கால் பங்கில் ஆரம்பித்து, ஒலி நிதானமாகும் வரை குறையுங்கள்.

திரெஷோல்டு அல்லது ட்யூனர் என்று ஒரு நாப் இருந்தால், மெல்லிய ரீங்காரம் கேட்டும் கேட்காமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஆழத்தில் கிடக்கும் சின்னப் பொருள் அந்த ரீங்காரத்தை ஒரு துளி உயர்த்தும், அவ்வளவுதான். ரீங்காரமே இல்லாமல் வைத்தால் அந்தத் துளி உங்களுக்குக் கேட்காது.

கிரவுண்டு பேலன்ஸ் என்பது மண்ணின் தாக்கத்தைக் கழித்துவிடுவதற்கு. உலோகம் இல்லாத இடமாகப் பார்த்து, எல்லா உலோகத்துக்கும் ஒலி தரும் ஆல் மெட்டல் நிலையில், காயிலை முழங்கால் உயரத்திலிருந்து தரையருகே வரை ஏற்றி இறக்குங்கள். இறக்கும்போது ஒலி கூடினாலோ குறைந்தாலோ நாபைக் கொஞ்சம் திருப்பி மறுபடி ஏற்றி இறக்குங்கள். ஒலி மாறாமல் இருக்கும் புள்ளி வரும். ஏஸ் 250 போன்றவற்றில் இதைத் தொழிற்சாலையிலேயே நிலையாக வைத்துவிட்டார்கள், திருப்புவதற்கு எதுவும் இல்லை.

வேண்டாத உலோகத்தின் ஒலியை அடக்கும் நாப் டிஸ்கிரிமினேஷன். அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

டிஸ்கிரிமினேஷனை எவ்வளவு வைக்க வேண்டும்?

குறைவாக. இரும்பு ஆணி மட்டும் அடங்கும் அளவு போதும்.

எந்த உலோகம் எவ்வளவு தாமதமாகப் பதில் தருகிறது என்பதை வைத்துத்தான் கருவி வகை பிரிக்கிறது. அந்த வரிசையில் இரும்பு அடியில், பிறகு அலுமினியத் தாள், பிறகு குளிர்பானக் கேனின் வளையம், மேலே செம்பும் வெள்ளியும். குப்பை வேண்டாம் என்று கேன் வளையம் வரை நாபைத் திருப்பினால் கருவி அமைதியாகிவிடும், சுகமாகவும் இருக்கும். ஆனால் தங்க மோதிரங்களில் பெரும்பாலானவை அந்தத் தாளுக்கும் வளையத்துக்கும் நடுவில்தான் விழும். மெல்லிய இடைக்கால வெள்ளிக் காசும் சில சமயம் அங்கேயே. தங்கத்தையும் கேன் வளையத்தையும் நிச்சயமாகப் பிரித்துச் சொல்லும் கருவி இன்னும் வரவில்லை, விலை எவ்வளவு ஆனாலும் சரி. வளையம் தோண்டிச் சலிப்பவருக்குத்தான் மோதிரம்.

வீட்டுக்குள் ஆன் செய்தால் ஓயாமல் கத்துகிறது. பழுதா?

இல்லை. தரைக்குள் கம்பி, சுவருக்குள் வயர், வைஃபை, டிவி, உங்கள் பையில் இருக்கும் போன் எல்லாம் அதற்குக் கேட்கிறது. 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட குண்டு உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேட, அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதே தத்துவத்தில் ஒரு கருவி கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. மெத்தைக்கு அடியில் இருந்த இரும்புக் கம்பிகள் குழப்பியது ஒரு காரணம் என்பார்கள். உங்கள் கருவியையும் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சோதியுங்கள்.

எந்தக் காசை வைத்துப் பழகுவது?

இதைக் கவனமாகப் படியுங்கள், நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கையில் இருக்கும் ஒரு பென்னியை எடுத்துக் காயிலுக்கு முன்னால் ஆட்டுவார்கள். கருவி கரகரக்கும், அல்லது இரும்பு என்று சொல்லும். உடனே கருவி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். 1992 முதல் 1 பென்னி, 2 பென்னிக் காசுகள் செம்பு பூசிய எஃகு. 2012-இல் புழக்கத்துக்கு வந்த புதிய 5 பென்ஸ், 10 பென்ஸ் காசுகளும் நிக்கல் பூசிய எஃகுதான். கருவி உண்மையைத்தான் சொல்கிறது. காந்தத்தில் ஒட்டும் காசைச் சோதனைக்கு எடுக்காதீர்கள்.

காந்தத்தில் ஒட்டாத பழைய 2 பென்னி ஒன்று, 50 பென்ஸ் ஒன்று, 1947-க்கு முந்தைய ஆறு பென்னி ஒன்று கிடைத்தால் அதுவும் (அதில் பாதியாவது வெள்ளி இருக்கும்), கூடவே துருப்பிடித்த ஆணி, கேன் வளையம், கசக்கிய அலுமினியத் தாள். மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கருவியை மர மேசையின் விளிம்பில் காயில் வெளியே நீட்டியிருக்கும்படி வைத்து, ஒவ்வொன்றாகக் காயிலுக்கு நேராக அசையுங்கள். காசின் ஒலி உருண்டையாக, அளவாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரும். ஆணியின் ஒலி உடைந்து வரும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு, யாராவது மாற்றி மாற்றிக் காட்ட, ஒலியை மட்டும் வைத்துச் சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளை உட்காரவைத்தால் ஆர்வமாகச் செய்வார்கள். பிறகு அதே பொருட்களைத் தோட்டத்தில் 5, 10, 15 செ.மீ. ஆழங்களில் புதைத்து, மேலே குச்சி நட்டு, வாரக்கணக்கில் பழகுங்கள்.

எவ்வளவு ஆழம் வரை கேட்கும்?

20 செ.மீ. காயிலுக்குக் காசு அளவுப் பொருள் 15 செ.மீ. வரை கேட்டால் நல்ல கருவி. விளம்பரங்களில் வரும் மீட்டர் கணக்கெல்லாம் பீப்பாய் அளவுப் பொருளுக்கு.

காயிலை எப்படி வீசுவது?

காயிலைத் தரைக்கு இணையாக, புல்லை உரசியும் உரசாமலும் வைத்து, இடம் வலமாகப் போங்கள். கையின் வீச்சு முடியும் இடத்தில் காயில் மேலே எழும்பும், அதுதான் எல்லோருக்கும் வரும் கெட்ட பழக்கம். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூட வேண்டும். ஒலி வந்தால் 90 டிகிரி திரும்பி நின்று மறுபடி வீசுங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வந்தால் தோண்டலாம். ஒரு பக்கம் மட்டும் வந்து மறுபக்கம் உடைந்தால் பெரும்பாலும் இரும்பு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பொருள் இருக்கும். குதிரை லாடம் போன்ற பெரிய இரும்பு நல்ல ஒலியாகவே வந்து ஏமாற்றும். காயிலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியும் கேட்டுக்கொண்டே இருந்தால் கீழே கிடப்பது காசு இல்லை.

ஹெட்போன் அவசியமா?

அவசியம். காற்றில் ஸ்பீக்கர் ஒலியின் நுணுக்கம் போய்விடும். பழைய கருவிகளில் 6.35 மி.மீ. பெரிய சாக்கெட் இருக்கும், அடாப்டர் வாங்குங்கள். பல கருவிகளில் ஒலியைக் குறைக்க நாப் இருக்காது. ஹெட்போனிலேயே அது இருக்கட்டும், இல்லாவிட்டால் காது கெட்டுவிடும்.

எங்கே தேடலாம்? பூங்காவில் தேடலாமா?

இங்கே ஒவ்வொரு அங்குல நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவர் அனுமதி இல்லாமல் கருவியை ஆன் செய்யக்கூடாது. பூங்கா கவுன்சிலுக்குச் சொந்தம், பல கவுன்சில்கள் அனுமதிப்பதில்லை, கேட்டுப் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் நிலக்காரரே சரி என்றாலும் முடியாது. எழுத்து மூலம் அரசின் அனுமதி இல்லாமல் அங்கே கருவியைப் பயன்படுத்துவதே சட்டப்படி குற்றம். லண்டனில் தேம்ஸ் கரைக்குத் துறைமுக ஆணையத்தின் பெர்மிட் வேண்டும். அரச நிலங்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குச் சொந்தமான கடற்கரையில் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் எல்லாக் கரையும் அவர்களுடையது அல்ல.

மிஞ்சியிருப்பது விவசாயிகள். நம்மில் பலருக்கு இங்கேதான் தயக்கம். தெரியாத வெள்ளைக்கார விவசாயி வீட்டுக் கதவைத் தட்ட யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். முதலில் பகுதியில் உள்ள டிடெக்டிங் கிளப் ஒன்றில் சேருங்கள். அவர்கள் ஏற்கெனவே அனுமதி வாங்கிய வயல்களுக்குக் கூட்டிப்போவார்கள், மூன்றாம் தரப்புக் காப்பீடும் பெரும்பாலும் உறுப்பினராவதன் மூலம் கிடைத்துவிடும். பிறகு நீங்களே கேட்கும்போது "எனக்குக் காப்பீடு இருக்கிறது, கிடைப்பதை எல்லாம் உங்களிடம் காட்டுவேன், குழியை மூடிவிட்டுத்தான் போவேன்" என்று சொல்ல முடியும். மறுப்பவர்கள் இருப்பார்கள், நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போங்கள். அனுமதி கிடைத்தால், கிடைக்கும் பொருளில் பங்கு எப்படி என்பதையும் சேர்த்து எழுதி வாங்குங்கள். அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கும் ஆகஸ்ட், செப்டம்பர்தான் நல்ல காலம். ஆட்டுக்குட்டி ஈனும் பருவத்தில் மேய்ச்சல் நிலப் பக்கம் போகாதீர்கள். திறந்த கேட்டைத் திரும்ப மூடுங்கள், ஒருமுறை மாடு வெளியே போனால் அனுமதியும் கூடவே போய்விடும்.

தோண்டுவது எப்படி?

புல்தரையில் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீலாக வைத்துப் புல்லோடு மடக்குங்கள். எடுக்கும் மண்ணை ஒரு துணிமேல் போடுங்கள். முடிந்ததும் மண்ணைக் குழியில் கொட்டி, மடக்கியதைத் திருப்பி, காலால் அழுத்துங்கள். வறண்ட கோடையில் வெட்டிய புல் செத்துவிடும், அப்போது புல்தரை வேண்டாம். கிடைக்கும் குப்பையையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.

பழைய பொருள் கிடைத்துவிட்டால்?

1992 நவம்பர் 16 அன்று சஃபோக்கில் ஹாக்ஸன் என்ற ஊரில் ஒரு விவசாயி சுத்தியலைத் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ் அதைத் தேடித் தர டிடெக்டரோடு போனார். கிடைத்தது வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், காசுகள். கொஞ்சம் எடுத்துப் பார்த்ததும், இது தன் கையால் தோண்ட வேண்டியது இல்லை என்று நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியலாளர்கள் வந்து முழுவதையும் ஒழுங்காக எடுத்தார்கள். சுமார் 15,000 ரோமானியக் காசுகள். மரப்பெட்டி மக்கிப் போயிருந்தும், எது எதற்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருந்தது என்பதைக்கூட அவர்களால் சொல்ல முடிந்தது, அவர் கைவைக்காமல் விட்டதால். 17.5 லட்சம் பவுண்டு பரிசு, விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் கிடைத்தது, அது இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கில் ஒருவர் செய்யக்கூடிய ஆகச் சிறந்த காரியம் அவர் அன்று மண்வெட்டியைக் கீழே வைத்ததுதான் என்று நான் நம்புகிறேன்.

இன்று நடைமுறை 1996 புதையல் சட்டப்படி. 300 ஆண்டுக்கு மேற்பட்டு, எடையில் 10 சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள், அல்லது அதே வயதுள்ள தங்க, வெள்ளிக் காசு இரண்டோ அதற்கு மேலோ ஒரே இடத்தில் கிடைத்தால் அது புதையல். வேறு சில வகைகளும் உண்டு, 2023-இல் வரையறை இன்னும் விரிந்தது. 14 நாளுக்குள் கரோனருக்கு (புதையலை விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலரிடம் (ஃபைண்ட்ஸ் லையசன் ஆபீசர்) சொன்னால் அவர் வழிகாட்டுவார். புதையல் அல்லாத பழைய பொருளையும் அவரிடம் காட்டிப் பதியுங்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சட்டம் வேறு, அங்கே போகும் முன் படியுங்கள்.

காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

கூடாது. புளியும் வினிகரும் குத்துவிளக்குக்குச் சரி, பழைய காசின் மேல்தோலை உரித்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பதோடு நிறுத்துங்கள்.

ஊருக்குக் கொண்டுபோய் நம்ம நிலத்தில் தேடலாமா?

வேண்டாம். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும், சொந்த நிலமானாலும். பழம்பொருளைத் தேடி அனுமதியின்றி அகழ்வதற்கும் தடை உண்டு. இலங்கையில் 1940-ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் புதையல் தோண்டுவது குற்றம், ஆட்கள் கைதாகிக்கொண்டே இருக்கிறார்கள். வன்னியில் அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணிவெடி. அங்கே டிடெக்டர் பிடிப்பது பயிற்சி பெற்ற அகற்றுநர்களின் வேலை.

இங்கேயும் வயலில் இரண்டாம் உலகப்போர்க் குண்டு அகப்படலாம். தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, தள்ளிப்போய் 999-ஐ அழையுங்கள்.

கடற்கரையில் பழைய கருவி ஒழுங்காக வேலை செய்யவில்லையே?

உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் ஒற்றை அலைவரிசைக் கருவிக்கு ஈர மணல் முழுக்கவே உலோகம் மாதிரித் தோன்றும். சென்சிடிவிட்டியைக் குறைத்துக் காய்ந்த மணலில் மட்டும் தேடுங்கள். பெரும்பாலான கருவிகளில் காயில் நனையலாம், மேலே இருக்கும் பெட்டி நனையக்கூடாது.

எப்போது புதிய கருவி வாங்கலாம்?

ஈர மணலில்தான் தேடப்போகிறேன் என்றாலோ, எடை தோளை வலிக்கச் செய்தாலோ வாங்குங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக வாங்காதீர்கள், அதற்கு நிலத்தை மாற்றுங்கள். வாங்கினாலும் பழையதை விற்க வேண்டாம், கூட வரும் தம்பிக்கோ மகளுக்கோ கொடுக்கலாம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து அலைவரிசையில் இருந்தால் ஒன்றையொன்று குழப்பும், அப்போது இருபது மீட்டர் இடைவெளி விட்டு நடங்கள்.